பேத்தியை ஆய்வில் சேர்க்கலாமா? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள் என்று படித்தபோது நெஞ்சு திக்கென்றது. வென்டிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள், குழாய் வழியாகக் கொடுக்கும் தாய்ப்பால் செரிக்கிறது, எடை 1,200 கிராமைத் தொட்டிருக்கிறது என்று அடுத்தடுத்து நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகே நிம்மதி வந்தது. முப்பது வாரக் குழந்தைக்கு இவை மூன்றும் நல்ல அறிகுறிகள்தாம். இங்கே நாங்கள் நலம். பணி ஓய்வுக்குப் பின் ஓய்வாக இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒரு நெறிமுறைக் குழுவில் உறுப்பினராக்கிவிட்டார்கள். குழந்தைகளைக் கொண்டு நடத்தப்படும் ஆய்வுகளின் திட்ட வரைவுகளை வரிவரியாகப் படித்துக் குறை சொல்வதே இப்போது என் வேலை. வாழ்நாள் முழுவதும் வீட்டில் இலவசமாகச் செய்துவந்த வேலை என்று என் மனைவி சொல்கிறாள்.

இரண்டு மருந்தளவுகளில் எது நல்லது என்று கண்டறியும் ஓர் ஆய்வில் குழந்தையைச் சேர்க்கச் சம்மதம் கேட்டார்கள் என்றும், "சோதனை செய்து பார்க்க எங்கள் குழந்தைதானா கிடைத்தது?" என்று நீ சத்தம் போட்டதாகவும், மகளும் மருமகனும் எதுவும் முடிவெடுக்க முடியாமல் நிற்பதாகவும் எழுதியிருக்கிறாய். நீ கேட்டதில் தவறில்லை. ஆனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக நடத்தப்படும் ஆய்வில் சேர்க்கப்படும் குழந்தையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை கிடையாது. யாரும் சோதித்துப் பார்க்காமல், எல்லோரும் கொடுக்கிறார்கள் என்பதற்காகவே கொடுக்கப்படும் சிகிச்சைதான் எனக்கு அச்சம் தருகிறது. இந்த அச்சம் எங்கள் குழந்தை மருத்துவத் துறையின் வரலாற்றைப் படித்ததால் வந்தது.

குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கை உனக்கு நினைவிருக்கும். டைஃபாய்டுக்குக் கொடுப்பார்களே, அதேதான். பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துப் பிறக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குக் கிருமித்தொற்று வந்துவிடுமோ என்று பயந்து, 1950களில் இந்த மருந்தை முன்கூட்டியே கொடுக்கும் வழக்கம் பரவியிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஒரு பொது மருத்துவமனையின் மருத்துவர்கள் இதை ஒப்பிட்டுப் பார்த்து 1959இல் வெளியிட்டார்கள். எந்த மருந்தும் கொடுக்கப்படாத குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இறந்தது. குளோராம்பெனிகால் பெற்ற குழந்தைகளிலோ ஐந்தில் மூன்று இறந்தன. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த மருந்தை மாற்றி வெளியேற்றும் திறன் இன்னும் வந்திருக்காது, சிறுநீரகமும் முதிர்ந்திருக்காது. அதனால் ஒவ்வொரு வேளை மருந்தும் உடலிலேயே தங்கிச் சேர்ந்து, வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகி, இரத்த ஓட்டம் குலைந்து உயிர் போனது. பெரியவர்களின் அளவை எடைக்கு ஏற்றபடி வகுத்துக் கொடுத்தால் போதும் என்ற கணக்குதான் அங்கே தவறியது. அந்த ஒப்பீடு நடக்காமல் போயிருந்தால், குறைமாதக் குழந்தைகள் இறப்பது இயல்புதானே என்று அந்த மரணங்கள் அப்படியே மறைந்திருக்கும்.

இதைவிட நீண்ட கதை ஆக்சிஜனுடையது. உன் பேத்தியின் பாதத்தில் சிவப்பாக ஒளிரும் சிறு பட்டை ஒன்றைச் சுற்றியிருப்பார்கள், அருகிலுள்ள திரையில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விழுக்காட்டில் காட்டும் ஓர் எண் மாறிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பாய். அந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு எழுபது ஆண்டுகள் ஆயின.

1942இல் பாஸ்டனைச் சேர்ந்த டெர்ரி என்ற கண் மருத்துவர், குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகளின் கண்ணில் லென்ஸுக்குப் பின்னால் வெண்படலம் உருவாகி அவர்கள் பார்வையிழப்பதைப் பதிவு செய்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் சுமார் பத்தாயிரம் குழந்தைகள் இப்படிப் பார்வையிழந்தார்கள். விசித்திரம் என்னவென்றால், வசதி மிகுந்த மருத்துவமனைகளில்தான் இது அதிகமாக இருந்தது. மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர், தாராளமாக ஆக்சிஜன் கொடுத்த இடங்களையும் சிக்கனமாகக் கொடுத்த இடங்களையும் ஒப்பிட்டு, 1951இல் ஆக்சிஜனின் மீது சந்தேகத்தை எழுப்பினார். ஏறக்குறைய அதே காலத்தில் வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் என்ற இளம் மருத்துவர் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அங்கே இரவுப் பணியில் இருந்த செவிலியர்கள், அந்தப் பச்சிளங்குழந்தைகளுக்கு மூச்சு போதாதே என்று பரிதாபப்பட்டு, மருத்துவர் கிளம்பியதும் ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்களாம். நான் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொன்ன கதைகளில் அதிகமுறை சொன்னது இதுதான். அந்தச் செவிலியர்களின் இடத்தில் நீ இருந்தாலும் நான் இருந்தாலும் அதையே செய்திருப்போம். ஆனால் அவர்கள் திறந்துவிட்ட ஆக்சிஜன்தான் குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்களின் வளர்ச்சியைக் குலைத்துக்கொண்டிருந்தது.

பின்னர் 18 மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து 1953இல் தொடங்கிய ஆய்வு சந்தேகத்தை உறுதி செய்தது. கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்வையிழப்புக்குப் பயந்து எல்லா இடங்களிலும் ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். கண்கள் தப்பின, ஆனால் மூச்சுத்திணறிய குழந்தைகள் பிறந்த முதல் நாளிலேயே இறந்தன. ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்றக் கொடுத்த விலை ஏறத்தாழ 16 குழந்தைகளின் உயிர் என்று 1973இல் கென்னத் கிராஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கணக்கிட்டார். அதிகம் கொடுத்தால் கண் போகும், குறைத்தால் உயிர் போகும் என்றால் சரியான அளவுதான் எது? இதற்கு எந்த மூத்த மருத்துவரின் அனுபவமும் விடை சொல்ல முடியாது. ஏனென்றால், ஒரு வார்டில் ஓர் ஆண்டில் பிறக்கும் குழந்தைகளை வைத்து இறப்பில் நான்கு விழுக்காடு போன்ற சிறு வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது.

அதற்காகத்தான் 2010இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 24 முதல் 27 வாரங்களில் பிறந்த 1,316 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவின் இரத்த ஆக்சிஜன் அளவை 85-89 விழுக்காட்டிலும் மற்றதை 91-95 விழுக்காட்டிலும் வைத்திருக்க முயன்றார்கள். செவிலியர்கள் இரக்கப்பட்டு ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக, உண்மை அளவுக்குச் சற்றுத் தள்ளிக் காட்டும்படி மானிட்டர்களையே மாற்றி அமைத்திருந்தார்கள்! முடிவு என்ன தெரியுமா? குறைந்த அளவுப் பிரிவில் கடுமையான கண் பாதிப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் வீடு திரும்பும் முன் இறந்தவர்கள் 19.9 விழுக்காடு, மற்றப் பிரிவிலோ 16.2 விழுக்காடு. இதைப் போன்ற பிற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த பிறகே குறைந்த அளவைக் கைவிட்டார்கள். உன் பேத்தியின் திரையில் அந்த எண் இறங்கும்போது மணி அடிப்பதற்குப் பின்னால் இத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள்.

இந்த ஆய்வைப் புகழ்வதோடு நிறுத்தினால் நான் உனக்கு நேர்மையாக நடந்தவனாக மாட்டேன். அதன் சம்மதப் படிவங்கள் பார்வையிழப்பு, மரணம் ஆகிய ஆபத்துகளைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2013இல் அமெரிக்க அரசின் ஆய்வுக் கண்காணிப்பு அலுவலகமே கண்டித்தது. இரண்டு அளவுகளுமே ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தவைதானே என்று மருத்துவர்கள் வாதிட்டார்கள். வாதம் சரிதான்; ஆனால் தன் குழந்தை எந்தப் பிரிவுக்குப் போகும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது என்றால், அதனால் என்னென்ன மாறக்கூடும் என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஒரு தாய்க்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

உன் சந்தேகத்துக்கு இதைவிடக் கறுப்பான நியாயமும் இருக்கிறது. நியூயார்க்கின் வில்லோபுரூக் காப்பகத்தில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு 1950களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் மஞ்சள் காமாலைக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ந்தார்கள். அதில் கிடைத்த அறிவு பயனுள்ளதாக இருந்தது என்று இன்றும் சிலர் சமாதானம் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பின்தான் நெறிமுறைக் குழுக்களும் குழந்தைகளுக்கான தனி விதிகளும் வலுப்பெற்றன. ஆனால் அதற்கு ஓர் எதிர்விளைவும் உண்டு. குழந்தைகளைத் தொடவே பயந்து, மருந்து நிறுவனங்கள் பெரியவர்களிடம் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொண்டன. நாங்களோ மாத்திரையைக் கால் பங்காக உடைத்துப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கால் பங்கில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று தெரியாமலேயே கொடுத்துக்கொண்டிருந்தோம். அதுவும் சோதனைதான், யாரும் குறித்துவைக்காத சோதனை. புதிய மருந்துகளைக் குழந்தைகளிடமும் ஆராய வேண்டும் என்று அமெரிக்கா 2003இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2007இலும் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

ஆய்வு முடிவுகளைப் பயன்படுத்தத் தாமதித்தாலும் குழந்தைகள்தாம் இழப்பைச் சுமக்கிறார்கள். உன் மகளுக்குப் பிரசவத்துக்கு முன் இடுப்பில் ஸ்டீராய்டு ஊசி போட்டதாக எழுதியிருந்தாய். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர் ஆட்டுக் குட்டிகளை ஆராய்ந்தபோது, அந்த மருந்து பெற்ற குறைமாதக் குட்டி எதிர்பாராமல் மூச்சு விட்டதைக் கவனித்தார். ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்து, அவர்களின் குழந்தைகளுக்கு நுரையீரல் நோயும் மரணமும் வெகுவாகக் குறைவதை 1972இல் வெளியிட்டார். அமெரிக்காவில் அதைப் பரவலாகப் பரிந்துரைத்தது 1994இல்தான். இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஓரிடத்தில் கிடைத்த விடையை இன்னோர் இடத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லவும் முடிவதில்லை. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போன குழந்தைகளின் உடலைக் குளிர்வித்தால் மூளை பாதிப்பு குறையும் என்பது பணக்கார நாடுகளில் நிரூபணமான சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் அதே சிகிச்சையைச் சோதித்து 2021இல் வெளியிட்டபோது, குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 விழுக்காடும் மற்றவர்களில் 31 விழுக்காடும் இறந்தது தெரியவந்தது. நமக்கான விடையை நம் குழந்தைகளிடம்தான் தேட வேண்டியிருக்கிறது. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு மகிழ்ச்சியானது. இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும், ஒரு கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஒரு பகுதியினரை, நிலைமை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனேயே தாயின் மார்போடு அணைத்து வைத்தார்கள். 28 நாட்களுக்குள் ஏற்படும் மரணம் 15.7 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால், கண்காணிப்புக் குழு ஆய்வை முன்கூட்டியே நிறுத்தச் சொல்லிவிட்டது. மற்றப் பிரிவுக் குழந்தைகளுக்கு அதை மறுப்பது நியாயமில்லை அல்லவா? உங்கள் மருத்துவமனையில் அனுமதித்தால் மகளை எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் குழந்தையை மார்பில் வைத்திருக்கச் சொல். மருமகனும் வைத்துக்கொள்ளலாம், வெட்கப்பட வேண்டாம்.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருகிறேன். அதில் கையெழுத்துப் போடலாமா என்று நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. பெற்றோர் இருவரும் முடிவெடுக்கட்டும். ஆனால் கையெழுத்துக்கு முன் அவர்கள் மருத்துவரிடம் சிலவற்றைக் கேட்டே தீர வேண்டும். இரண்டு அளவுகளில் எது நல்லது என்பது உண்மையிலேயே தெரியாதா, அல்லது ஒன்று மேலானது என்று ஏற்கெனவே சான்று இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் மேலே பேச வேண்டியதில்லை. ஆய்வுக்கென்று கூடுதலாக எவ்வளவு இரத்தம் எடுப்பார்கள் என்றும் கேட்கட்டும். உன் பேத்தியின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே சுமார் 100 மில்லிலிட்டர்தான். அவளிடம் 5 மில்லி எடுப்பது உன்னிடம் கால் லிட்டர் எடுப்பதற்குச் சமம். நல்ல ஆய்வாளர்கள் வழக்கமான பரிசோதனைக்கு எடுக்கும் இரத்தத்தில் எஞ்சும் துளியையே பயன்படுத்தத் திட்டமிட்டிருப்பார்கள். இடையில் விலகிக்கொண்டால் சிகிச்சையில் எதுவும் குறையாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வோடு தொடர்பில்லாத சுயேச்சையான குழு ஒன்று முடிவுகளை இடையிடையே பார்க்கிறதா என்பதும் படிவத்தில் இருக்கும்.

குழந்தையை எத்தனை வயது வரை பின்தொடர்வார்கள் என்பதையும் விட்டுவிட வேண்டாம். குறைமாதக் குழந்தைகளின் மூச்சு இடையிடையே நின்றுபோவதைத் தடுக்கக் கஃபீன் கொடுக்கிறோமே, அதைப் பல ஆண்டுகள் பழக்கத்தால் மட்டுமே கொடுத்துவந்தோம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைச் சோதித்தவர்கள் வீட்டுக்கு அனுப்பியதோடு நிறுத்தாமல் ஒன்றரை வயதிலும் பார்த்தார்கள், பதினோரு வயதிலும் பார்த்தார்கள். அதனால்தான் அந்த மருந்து வளர்ச்சியைக் கெடுக்காது என்று இன்று துணிந்து சொல்ல முடிகிறது. வார்டை விட்டு வெளியேறும் நாளோடு முடிந்துவிடும் ஆய்வுத் திட்டங்களை எங்கள் குழுவில் நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதனால் எனக்கு அங்கே அவ்வளவு நல்ல பெயர் இல்லை.

அந்தத் தகவல் தாளின் எல்லாப் பக்கங்களையும் தெளிவாகப் படமெடுத்து இன்றைக்கே அனுப்பு. படித்துவிட்டு இரவு மகளோடு பேசுகிறேன். நீ பக்கத்தில் இருந்து குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். கண் பரிசோதனைக்கு எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று நீ எழுதவே இல்லை. பிறந்து நான்கு வாரம் ஆகும்போது விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். அந்தத் தேதியை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போட விடாதே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்