மீன் எண்ணெய் கேட்டு வருகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களை வருமுன்னே தடுக்கும் மருந்துகள் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் மட்டும் படிக்கவில்லை என்பது திங்கட்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் முப்பது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடை திறந்து அரை மணி நேரம் ஆகவில்லை, ஒரு அம்மா வந்து, "அண்ணாச்சி, பேப்பர்ல போட்டிருந்தாவளே, அந்த மீன் எண்ணெய் மாத்திரை வச்சிருக்கியளா?" என்றார். காலேஜ் படிக்கிற மகனுக்காம். நாலைந்து மாதமாக ராத்தூக்கம் இல்லை, கூட்டாளிகளோடு பேச்சில்லை, எதிர்வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறானாம். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு பேர் இதே மாத்திரையைக் கேட்டு வந்தார்கள்.

விற்றால் லாபம் எனக்குத்தான். ஆனால் கட்டுரையில் இருந்தது பாதிக் கதை.

மீன் எண்ணெய் இந்த நோயைத் தடுக்கும் என்று கட்டுரை காட்டிய வியன்னா ஆய்வு உண்மைதான். 2010-ல் வெளிவந்தது. முன்அறிகுறிகள் மட்டும் தெரிந்த 81 இளவயதினரில் 41 பேருக்கு மீன் எண்ணெயும், 40 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் மீன் எண்ணெய்க்காரர்களில் 2 பேருக்கும் மற்றவர்களில் 11 பேருக்கும் நோய் முற்றியது. கேட்டால் யாருக்கும் ஆசை வரும். கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஆய்வாளர்களும் சேர்ந்து பல நாடுகளில் 304 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த முடிவு 2017-ல் வந்தது. ஒரு வருடக் கணக்கில் இரண்டு பக்கமும் நூற்றுக்குப் பதினொன்று சொச்சம், வித்தியாசமே இல்லை. இரண்டு பக்கத்தாருக்கும் உட்கார்ந்து பேசிச் செய்கிற மனநலச் சிகிச்சையும் தரப்பட்டிருந்தது. அதனால்தான் எல்லோருக்குமே குறைந்ததோ என்று ஆய்வாளர்களே யோசித்தார்கள். தலைப்பில் போட வேண்டியது அதைத்தான் என்பேன்.

சரி, மனநோய்க்கென்றே இருக்கிற மருந்தை முன்கூட்டிக் கொடுத்தால்? அதையும் பார்த்தாயிற்று. 2006-ல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில் 60 பேரில் ஒரு பாதிக்கு ஒலான்சபின் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தார்கள். நோய் முற்றியவர்கள் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உறுதியாகத் தெரிந்தது எடைதான், ஒரே வருடத்தில் சராசரியாக 9 கிலோ கூடியது. முன்அறிகுறி உள்ளவர்களிலேயே மூன்று வருடத்தில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது. மற்ற மூன்று பிள்ளைகளும் வராத நோய்க்கு மருந்து தின்று உடம்பு ஊத வேண்டுமா?

2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதாக நீங்கள் கடைசியில் சொன்ன புது மருந்து, நோய் வந்தவர்களுக்கானது. 1952-ல் வந்த குளோர்புரோமசின் என்ற மருந்து தொடங்கி இதுவரை வந்தவை டோபமின் என்ற மூளை ரசாயனத்தில்தான் கைவைத்தன. இது வேறு வழியில் போகிறது. பெரிய விஷயம்தான். ஆனால் தடுப்பு மருந்து இல்லை.

மீன் எண்ணெய் கெடுதல் செய்யாதே, சாப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். மாத்திரை கெடுக்காது. மாத்திரை கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதங்கள் கெடுக்கும். இது எங்கள் வீட்டுக் கதை. 1986-ல் என் தம்பிக்கு 19 வயது. ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரே சொல், கோட்டி, அதாவது பைத்தியம். கோட்டி என்று பேர் விழுந்தால் தங்கைக்கு மாப்பிள்ளை வராது என்று அவனை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். மந்திரித்துக் கயிறு கட்டினோம். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சாமி வாக்கு கேட்டோம். சாமி மேல் எனக்கு வருத்தமில்லை, இன்றைக்கும் கொடைக்கு வரி கொடுக்கிறேன். டாக்டரிடம் போக மூன்று வருடம் ஆனதுதான் வருத்தம். சிகிச்சை இல்லாமல் போகிற காலம் நீள நீளத் தேறுவது கஷ்டம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தம்பி இப்போது கடைக்கு வந்து மாத்திரை அட்டைகளை அடுக்கித் தருவான். கூட்டம் சேர்ந்தால் உள்ளே போய்விடுவான்.

அந்த அம்மாவுக்கு நான் மீன் எண்ணெய் கொடுக்கவில்லை. ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, பையனைக் கூட்டிப் போங்கள் என்றேன். "அங்க போனா கோட்டின்னுல்லா சொல்லுவாவ, அண்ணாச்சி" என்றார். அப்படியானால் முதலில் 14416-க்குப் போன் போட்டுப் பேசுங்கள், அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம் என்று பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டார். அழைத்தாரா, தெரியாது. 304 பேர் ஆய்வின் முடிவையும் இந்த எண்ணையும் அதே ஞாயிறு மலரில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
பாளையங்கோட்டை.