புது ஆர்ச்டாப் கிட்டார்கள் வந்துவிட்டன, பத்து நாள் பொறுங்கள்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நீங்கள் பலர் கேட்டுக்கொண்டே இருந்த ஆர்ச்டாப் என்னும் ஜாஸ் கிட்டார்கள் போன வாரம் நம் பெரம்பூர் கடைக்கு வந்து சேர்ந்தன. மொத்தம் ஐந்து. மூன்று முழுக்க உள்ளீடற்றவை, அதாவது உடம்பு உள்ளே காலியாக இருப்பவை, இரண்டு பாதி உள்ளீடற்றவை. "இன்னிக்கே எடுத்துட்டுப் போறேன்ணா, பில் போடுங்க" என்று வந்து நின்ற இரண்டு பேரை வெறுங்கையோடு அனுப்பினோம். இரண்டு பேருக்கும் மனவருத்தம். கையில் பணம் வைத்திருப்பவரிடம் ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

வயலினைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஆர்ச்டாப்பைப் புரிய வைப்பது சுலபம். மேல்பலகை தட்டையாக இருக்காது, நடுவில் மேடிட்டு ஓரங்களில் தாழும். இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளை. பிரிட்ஜை, அதாவது வயலின்காரர்கள் குதிரை என்று சொல்வதை, பலகையில் ஒட்டியிருக்க மாட்டார்கள். ஸ்டிரிங்குகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. கிட்டார் பலகையை இப்படிச் செதுக்கும் வேலையை அமெரிக்காவின் கலமசூ ஊரில் ஆர்வில் கிப்சன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கினார். எஃப் துளையோடு கிப்சன் எல்-5 வந்தது 1922இல். அப்போது கிட்டாருக்கு ஆம்ப், அதாவது சத்தத்தைக் கூட்டும் மின்கருவி, கிடையாது. டிரம்பெட், சாக்ஸபோன் கூட்டத்துக்கு நடுவே கிட்டார் காதில் விழ வேண்டும், அதற்காக அமைந்த உடம்பு இது. கிட்டார்காரர் ஃப்ரெடி கிரீன் 1937இல் கவுன்ட் பேசியின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். 1987இல் இறக்கும்வரை ஆம்ப் இல்லாமலே ஆர்ச்டாப்பில் தாளம் பிடித்தார். அந்தப் பதிவுகளை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். டிரம்ஸுக்கு அடியில் மரத்தைத் தட்டுவது போல ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் அவர் கை.

1936இல் பிக்கப், அதாவது ஸ்டிரிங்கின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் காந்தம், பொருத்திய கிப்சன் இஎஸ்-150 வந்த பிறகு கதை மாறியது. அதை வைத்துக்கொண்டு சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் 1939இல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவுக்குப் போனார். சாக்ஸபோன்காரரைப் போல நீளநீளமாக ஒற்றை ஸ்வரங்களில் தனி வாசித்தார். 1942இல் காசநோயால் இறக்கும்போது வயது 25. இன்றைக்கும் எந்த ஜாஸ் கிட்டார் மாணவரும் அவரைக் கேட்காமல் தாண்டிப் போக முடியாது.

சரி, கடையில் இருப்பவற்றுக்கு வருகிறேன்.

முழு உள்ளீடற்ற மூன்றும் அழுத்தி ஒட்டிய அடுக்குப் பலகையில் செய்தவை. "ப்ளைவுட்டா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1949இல் வந்த இஎஸ்-175உம் அடுக்குப் பலகைதான். ஜோ பாஸ், ஜிம் ஹால் போன்ற ஜாஸ் கிட்டார்காரர்கள் வாசித்தது அதை. ஸ்ப்ரூஸ் மரத்தைச் செதுக்கிய பலகையின் நாதம் உயர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் காசிமேட்டிலிருந்து உப்புக் காற்று வரும் நம் பக்கத்தில், ஐப்பசி மழையில் செதுக்கிய பலகை ஈரம் குடித்து எழும்பும், அதோடு குதிரையும் எழும்பி ஸ்டிரிங் விரலுக்கு எட்டாமல் உயரும். ஏசி அறையில் கிடந்தால் பலகை உலர்ந்து இறங்கி, விரல் அழுத்தும் இடத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பியில் ஸ்டிரிங் உரசிக் கரகரக்கும். அடுக்குப் பலகை இந்த ஆட்டத்தை ரொம்பக் குறைவாக ஆடும். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் குடியிருப்பவர்களுக்கு அடுக்குப் பலகையே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

பாதி உள்ளீடற்ற இரண்டும் 1958இல் வந்த இஎஸ்-335 வழியில் செய்தவை. நடுவில் கட்டையாக ஒரு மரத்துண்டு ஓடும். ஆம்ப் சத்தம் கூடும்போது முழு உள்ளீடற்றது ஊளையிட ஆரம்பிக்கும், இது எளிதில் ஊளையிடாது. டிரம்ஸ் உள்ள சர்ச் கொயரிலோ கச்சேரி குழுவிலோ வாசிப்பவர்கள் இதையே பாருங்கள்.

இப்போது பத்து நாள் விஷயம். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் முதல் ஆர்ச்டாப்பை ஒரு கல்லூரித் தம்பிக்கு விற்றோம். மூன்றே வாரத்தில் பெட்டியோடு வந்து நின்றார். "ஏமாத்திட்டீங்கண்ணா. ஓப்பன்ல சுருதி சரியா இருக்கு, மேல போகப் போக விலகுது. ஞாயித்துக்கிழமை கொயர் மாஸ்டர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாரு." கிட்டாரை மேசையில் படுக்க வைத்துப் பார்த்தோம். பலகையைத் துடைப்பதற்காக ஆறு ஸ்டிரிங்கையும் ஒரேயடியாகக் கழற்றியிருக்கிறார். குதிரை விழுந்திருக்கிறது. கண்ணளவில் தூக்கி வைத்ததில் அரை அங்குலம் நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, பக்கமாக வந்துவிட்டது. தப்பு அவருடையது இல்லை. அது ஒட்டாத குதிரை என்பதை நாங்கள் அவருக்குச் சொல்லவே இல்லை. அவர் கண் கலங்கி நின்றது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் இப்போது வந்த கிட்டாரை முதல் மூன்று நாள் பெட்டியிலேயே வைக்கிறோம், நம் ஊர்க் காற்றுக்குப் பழகட்டும் என்று. பிறகு சுருதி ஏற்றி, நெக் வளைவு பார்த்து, குதிரையின் இடத்தைப் பிடிக்கிறோம். 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலைப் பட்டும் படாமலும் வைத்து மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். அதே இடத்தை அழுத்தி மீட்டும்போதும் ட்யூனர் அதையே காட்ட வேண்டும். அழுத்தியது ஏறிக் காட்டினால் குதிரையை வால் பக்கம் தள்ள வேண்டும், இறங்கினால் நெக் பக்கம். மயிரிழை மயிரிழையாகத்தான் நகர்த்த முடியும். ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை பார்ப்போம், அநேகமாகக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். எல்லாம் அடங்கிய பிறகு 12ஆவது ஃப்ரெட்டிலிருந்து குதிரை வரைக்கும் அளவாக இரண்டு அட்டைத் துண்டு வெட்டுவோம், ஒன்று முதல் ஸ்டிரிங்குக்கு, ஒன்று ஆறாவதுக்கு. குதிரை லேசாகச் சாய்ந்து நிற்பதால் இரண்டும் ஒரே அளவாக இருக்காது. அட்டைகளைப் பெட்டிக்குள் போட்டுத் தருகிறோம், தொலைத்துவிடாதீர்கள். ஸ்டிரிங்கை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். அப்படியும் குதிரை நகர்ந்துவிட்டால் அட்டையை வைத்துப் பழைய இடத்தைப் பிடித்துவிடலாம்.

இன்னொன்று, சர்வீஸ் கூலி பற்றி. முழு உள்ளீடற்றதில் வால்யூம் கரகரத்தால் சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரை விட அதிகம் கேட்கிறோம் என்று ஒரு குறை உண்டு. பின்னால் திறக்க மூடியே கிடையாது. வால்யூம் தண்டில் நூல் கட்டி, எல்லாவற்றையும் எஃப் துளை வழியாக வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் அதே நூலை இழுத்து ஓட்டைக்கு ஓட்டை சேர்க்க வேண்டும். நூல் நழுவினால் முதலிலிருந்து. ஒரு மதியம் முழுக்கப் போய்விடும். வாசித்து முடித்ததும் பெட்டியில் வைத்து மூடினாலே உப்புக் காற்றிலிருந்து பாதி காப்பாற்றிவிடலாம்.

ஸ்டிரிங் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். முதல் ஸ்டிரிங் 0.012 அங்குலத் தடிமனில் தொடங்கும் ஃப்ளாட்வவுண்ட், அதாவது தட்டைக் கம்பி சுற்றிய ஸ்டிரிங், போட்டுத் தருகிறோம். மேல் சுற்று வழவழவென்று இருப்பதால் விரல் நகரும்போது கீச்சிடாது. ஒலி உருண்டையாக, இருட்டாக வரும். அக்கூஸ்டிக் கிட்டாரின் வெண்கல ஸ்டிரிங்கைப் போடாதீர்கள். காந்தப் பிக்கப்புக்கு வெண்கலச் சுற்று சரியாக எட்டாது, மெல்லிய இரண்டும் கத்தும், மற்ற நான்கும் முணுமுணுக்கும்.

ஸ்டிரிங்கை வளைத்து அழவைக்கும் ராக் தனி வாசிப்புதான் உங்கள் ஆசை என்றால் இந்தக் கிட்டார் வேண்டாம். மூன்றாவது ஸ்டிரிங்கூடக் கம்பி சுற்றியது, எளிதில் வளையாது. அப்படி ஒருவரிடம் விற்றால் ஆறு மாதத்தில் கட்டிலுக்கு அடியில் போய்விடும், எங்களுக்கு அதுதான் வருத்தம். கார்டுகளின், அதாவது சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டங்களின், உள்ளே இருக்கும் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகக் கேட்க ஆசைப்படுபவர் வாருங்கள். ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களில் அப்பா வாசித்ததைக் கேட்டு வளர்ந்த ஆங்கிலோ-இந்திய அங்கிள் ஒருவர் போன சனிக்கிழமை ஆம்ப் இல்லாமல் ஒன்றை மடியில் வைத்து நாலே கார்டு வாசித்தார். கடையில் இருந்த பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஐந்தில் இரண்டு இந்த வெள்ளிக்கிழமைக்குள் தயாராகிவிடும், மற்றவை அடுத்த வாரம். முன்பணம் வேண்டாம், பெயரை மட்டும் சொல்லி வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் கூட்டம் குறைவு, உட்கார்ந்து நிதானமாக வாசித்துப் பார்க்கலாம். முதலில் ஆம்ப் இல்லாமல் வாசியுங்கள். எடுத்துப் போன பிறகு மழைக்காலம் தொடங்கும்போது ஒரு முறை, கத்திரி வெயிலுக்கு முன் ஒரு முறை கொண்டுவாருங்கள். முதல் இரண்டு வருஷம் அந்தச் சரிபார்ப்புக்குக் கூலி இல்லை.

அன்புடன்,
பெரம்பூர் கடையிலிருந்து