‘அழிப்பதற்குள் பகிருங்கள்’ என்று எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாக் கட்சிகளின் சமூக ஊடக அணிகளிலும் உட்கார்ந்து பதிவு எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். எந்தக் கட்சி என்று இதில் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற எல்லோரும் “பார்த்தீர்களா, அவர்களைத்தான் வெளுத்து வாங்கியிருக்கிறார்” என்று இந்தக் கடிதத்திலிருந்தே நாலு வரியை வெட்டி ஒரு பதிவாக்கிவிடுவீர்கள்.

உங்கள் பட்டறையில் அடிக்கடி தயாராகும் சரக்கு ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். அழுகிற குழந்தையின் படம், அதற்கு மேல் நான்கு வரி: “இதைப் பார்த்தும் ரத்தம் கொதிக்கவில்லை என்றால் நீ மனிதனே இல்லை. எந்த ஊடகமும் இதைக் காட்டாது. அவனுங்க எவ்வளவு தூரம் போய்விட்டானுங்க பாருங்கள். அழிப்பதற்குள் பகிருங்கள்.” அவ்வளவுதான். குழந்தை யார், எந்த ஊர், எந்த வருஷம், யார் என்ன செய்தார்கள், புகார் ஏதாவது பதிவாகியிருக்கிறதா, ஒன்றும் கிடையாது, ஆனால் படித்து முடித்தவருக்கு எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரியே இருக்கும். முதல் வரி, கொஞ்சம் பொறுப்போம் என்று நினைப்பவரைக் கல்நெஞ்சக்காரர் ஆக்குகிறது. இரண்டாவது வரியில்தான் உங்கள் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது (அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்): யாராவது செய்தித் தளங்களில் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், கிடைக்காததே சாட்சியாகிவிடுகிறது. மூன்றாவது வரியில் வருவது யார் என்று சொல்லவே மாட்டீர்கள். படிப்பவர் தனக்கு ஏற்கெனவே பிடிக்காத ஆட்களை அங்கே உட்கார வைத்துக்கொள்வார், நாளைக்கு வம்பு வந்தால் நாங்கள் யாரையும் சொல்லவில்லையே என்று நீங்கள் கழன்றுகொள்ளலாம். கடைசி வரி அவசரம். ஆற அமர யோசித்தால் ஆள் பகிர மாட்டார் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் படத்தைச் சேமித்து இமேஜ் தேடலில் போட்டால், பல நேரம் அது எங்கோ வேறொரு நாட்டில், எத்தனையோ வருஷம் முந்தைய செய்தியில் போய் நிற்கும்.

இந்த வித்தை பலிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், துப்பாக்கிக் கட்டுப்பாடு, தன்பாலினத் திருமணம், பருவநிலை மாற்றம் ஆகியவை பற்றிய லட்சக்கணக்கான ட்வீட்டுகளை அலசினார்கள். நியாய அநியாயமும் உணர்ச்சியும் ஒன்றாய்க் கலந்த சொல் ஒன்று கூடுகிற ஒவ்வொரு முறையும் பகிர்வு ஏறத்தாழ 20 சதவீதம் ஏறியது. 2021-இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட மோசம். அதில் எதிரணியைக் குறிக்கும் சொல் ஒன்று கூடினால் பகிரப்படும் வாய்ப்பு 67 சதவீதம் கூடியது. ஆக, உங்கள் கட்சி என்ன செய்தது என்று மாய்ந்து மாய்ந்து எழுதுவதைவிட எதிராளி எவ்வளவு கேடுகெட்டவன் என்று எழுதுவதில்தான் லாபம். மேடை போட்டுக் கொடுத்தவர்களும் சும்மா இல்லை. 2017-இலிருந்து, எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்று முடிவு செய்யும் ஃபேஸ்புக்கின் கணக்கில் கோப இமோஜி உள்ளிட்ட இமோஜிகளுக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு இருந்தது. கோபத்துக்கான அந்த மதிப்பை 2020-இல் அவர்களே பூஜ்யமாக்கினார்கள். இதெல்லாம் நமக்குத் தெரிய வந்தது 2021-இல், உள்ளே இருந்த ஆவணங்கள் வெளியே வந்த பிறகுதான்.

சரி, எழுதுகிறவருக்காவது அந்தக் கோபம் உண்மையாக இருக்கிறதா என்று கேட்டால், அதற்கும் அவசியம் இல்லை. 2016 மே 21 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்று கத்தின. டெக்சாஸ் இஸ்லாமியமயமாகிறது என்று கொதித்தவர்களை ‘ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்’ என்ற ஃபேஸ்புக் பக்கம் கூப்பிட்டிருந்தது, அவர்களுக்கு எதிராக நின்றவர்களை ‘யுனைட்டெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற பக்கம் கூப்பிட்டிருந்தது. இரண்டு பக்கங்களையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே நிறுவனம் என்று அடுத்த ஆண்டு அமெரிக்க செனட் குழு வெளிப்படுத்தியது. தெருவில் நின்றவர்களின் கோபம் நிஜம், கூப்பிட்டவருக்கு இருபக்கமும் ஒன்றுதான்.

கோபத்தை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் உங்கள் திறமையைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். நெகிழ வைப்பதிலும் நீங்கள் மன்னர்கள். தலைவர் வண்டியை நிறுத்தி இறங்குகிறார், ஒரு பாட்டியின் கையைப் பிடிக்கிறார், எல்லாம் ஸ்லோமோஷனில், பின்னால் வயலின். எனக்கே தொண்டை அடைக்கும். ஒலியை நிறுத்திவிட்டு அதே காணொளியை இன்னொரு தடவை பாருங்கள், தலைவருக்கு முன்பாகவே இறங்கி வாகாக நிற்கும் கேமராக்காரர் அப்போதுதான் நினைவுக்கு வருவார். பாட்டி என்ன கேட்டார், அது கிடைத்ததா என்பது மட்டும் வீடியோவில் இருக்காது.

அப்புறம் அந்த ‘நடுநிலை’ ஆள்: “நான் பரம்பரையாக அந்தக் கட்சிக்காரன், ஆனாலும் மனசாட்சி கேட்கவில்லை” என்று தொடங்கும் வாக்குமூலம். ஒருவர் எழுதினால் நம்பலாம். அதே வாக்குமூலம் வெவ்வேறு பெயர்களில், அதே எழுத்துப் பிழையோடு, அதே இடத்தில் விடுபட்ட ஒற்றோடு வந்தால் எத்தனை பேருக்கு ஒரே மனசாட்சி! 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று கட்டிப்போட்டது. அதற்கும் உங்களிடம் வழி இருந்தது, “ஃபார்வர்டு செய்யாதீர்கள், காப்பி செய்து உங்கள் பெயரில் போடுங்கள்”. அப்படிப் போட்டால் பல கை மாறி வந்தது என்ற அடையாளமே காணாமல் போய்விடும், சொந்தக்காரர் ஒருவர் உட்கார்ந்து எழுதியது போலவே இருக்கும்.

இதைப் படித்துவிட்டு “அப்படியானால் மக்கள் கோபப்படவே கூடாதா” என்று திருப்பிக் கேட்பீர்கள். தாராளமாகப் படலாம். அடிபட்டவர் ஆத்திரத்தோடுதான் எழுதுவார், எழுத்து தடுமாறும், திட்டுவார். ஆனால் அவருடைய பதிவில் ஊர் இருக்கும், தேதி இருக்கும், எந்த அலுவலகத்தில் எந்த அதிகாரியிடம் மனு கொடுத்தார் என்று இருக்கும், கடைசியில் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கும். அவர் அதிகாரத்தில் இருப்பவரிடம் கேட்கிறார். நீங்களோ படிப்பவரிடம் மட்டுமே கேட்கிறீர்கள்: கொதி, அழு, பகிர், வெறு. நான் இப்போதெல்லாம் ஒரு பதிவின் கடைசி வரியைத்தான் முதலில் படிக்கிறேன், அது யாரை வேலை வாங்குகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு, அதே பதிவில் கட்சிப் பெயர்களை மட்டும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். மாற்றியதும் “இதற்கு ஆதாரம் எங்கே” என்று கேட்கத் தோன்றினால், மாற்றாதபோதும் அதையேதானே கேட்டிருக்க வேண்டும்?

எழுதுவதை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை, அது உங்கள் பிழைப்பு. படத்தின் கீழே இடமும் தேதியும் போடுங்கள். செய்தி எங்கிருந்து எடுத்ததோ அதன் இணைப்பைக் கொடுங்கள். பழைய படம் என்றால் பழைய படம் என்று எழுதுங்கள். தப்பு என்று தெரிந்தால் சத்தமில்லாமல் அழித்துவிட்டு ஓடாமல், அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் திருத்தம் போடுங்கள். எந்தக் கட்சி இதை முதலில் செய்கிறதோ அதன் பெயரை அடுத்த கடிதத்தில் தைரியமாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
எல்லா அணிகளின் ஃபார்வர்டுகளும் தவறாமல் வந்து சேரும் ஒரு வாட்ஸ்அப் எண்ணின் சொந்தக்காரர்