கற்பனை நாட்டு ரயில் வரைபடத்தில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் இணைப்பில், இல்லாத ஒரு பெருநாட்டுக்கு ரயில்பாதை வரைந்து அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டு, வந்தவற்றில் சிலவற்றை வெளியிட்டிருந்தீர்கள். மேற்கே தலைநகர், கிழக்கே துறைமுகம், இரண்டுக்கும் நடுவே ஐயாயிரம் கிலோமீட்டர் நிலம், அதில் பாதி பாலைவனம் என்று நீங்கள் கொடுத்திருந்த நாடு நல்ல நாடுதான். பிள்ளைகளும் பாலங்கள், சுரங்கங்கள், வண்ண வண்ண நிலையங்கள் என்று ஆசை ஆசையாக வரைந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. படங்களுக்குக் கீழே நடுவர்கள் எழுதியிருந்த குறிப்பைப் பற்றியதே இக்கடிதம். எல்லா நகரங்களையும் மிகக் குறைந்த நீளத்தில் இணைத்த படமே சிறந்தது என்பது அவர்கள் வைத்த அளவுகோல். ரயில்வேயின் போக்குவரத்துப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த அளவுகோல் சாலைக்கு வேண்டுமானால் பொருந்தலாம், ரயிலுக்குப் பொருந்தாது என்று சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். பெருநாட்டு ரயில்வே ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஓட்டும், எவ்வளவு சரக்கு இழுக்கும் என்பதெல்லாம், நகரங்களுக்கு இடையே ஆளே இல்லாத இடத்தில் என்ன கட்டி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதல் பரிசு பெற்ற படத்தையே எடுத்துக்கொள்கிறேன். பாலைவனத்தின் குறுக்கே ஒரே ஒரு கோடு. அதில் நீங்கள் கொடுத்த அளவின்படி முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள், லூப் லைன், அதாவது பிரதானப் பாதையிலிருந்து பிரிந்து மீண்டும் அதிலேயே சேரும் பக்கப் பாதை, உள்ள நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்பது பழைய, ஆனால் உயிர் காக்கும் விதி. சரக்கு வண்டி மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்த முந்நூறு கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரம் ஆகும்; அதுவரை எதிர்முனையில் நிற்கும் வண்டி நின்றபடியே இருக்க வேண்டியதுதான். ஆக, ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் நான்கு வண்டிகள், அதாவது போக இரண்டு, வர இரண்டு. கண்டம் போன்ற ஒரு நாட்டின் தலைநகரையும் துறைமுகத்தையும் இணைக்கும் பாதையில் இவ்வளவுதான் ஓடும்.

அதே பாதையில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பதினோரு கிராசிங் நிலையங்களைப் போட்டுப் பார்ப்போம். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையை பிளாக் என்போம்; ஒரு பிளாக்கைக் கடக்க முப்பது நிமிடம், அனுமதி கேட்டு வாங்கி சிக்னல் கொடுக்க ஐந்து நிமிடம், ஆக முப்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஒரு நாளின் 1,440 நிமிடங்களை அதனால் வகுத்தால் நாற்பத்தொன்று வருகிறது. பராமரிப்பு, தாமதம், பழுது எல்லாவற்றையும் உத்தேசித்து அதில் நூற்றுக்கு எழுபதைத்தான் கணக்கில் கொள்வது எங்கள் வழக்கம். அப்படிக் குறைத்த பிறகும் இருபத்தெட்டு வண்டிகள் ஓடும். நான்கு எங்கே, இருபத்தெட்டு எங்கே! நகரங்களை இணைக்கும் கோடு ஓர் அங்குலம்கூட நீளவில்லை என்பதையும், நடுவர்களின் அளவுகோலில் இந்த இரண்டு படங்களுக்கும் ஒரே மதிப்பெண்தான் கிடைக்கும் என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன்.

நடுவழியில் வண்டி நிற்கும்போது, 'கிராசிங் போட்டுவிட்டான்' என்று பயணிகள் சலித்துக்கொள்வதை நான் அறிவேன். ஆனால் அந்தச் சிறு நிலையம் இல்லையென்றால் அவர்களுடைய வண்டி அன்றைக்குப் புறப்பட்டே இருக்காது. ஒரு காலத்தில் அங்கே நடந்த வேலையை இன்றைய மாணவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த நிலையத்தில் மணியடித்து அனுமதி கேட்டு, அங்கிருப்பவர் இசைந்த பிறகுதான் டோக்கன் கருவியிலிருந்து இரும்புப் பந்து ஒன்று வெளியே வரும். அந்தப் பந்து மறுமுனைக் கருவிக்குள் போய்ச் சேரும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்றை எடுக்கவே முடியாது. அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, நிற்காமல் போகும் வண்டியின் ஓட்டுநர் கையில் கோத்து வாங்கிக்கொள்ளும்படி ஒருவர் நடைமேடையோரம் விளக்குடன் உயர்த்திப் பிடித்து நிற்பார். அந்தப் பந்து கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் பிளாக்கிற்குள் நுழையக்கூடாது.

இது ஏட்டுக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு ரஷ்யாவின் சைபீரியப் பாதையே சான்று. 1891இல் தொடங்கிய அந்தப் பாதையைச் செலவைக் குறைப்பதற்காக ஒற்றைப் பாதையாக, எடை குறைந்த தண்டவாளத்தில், தொலைதூரத்துக்கு ஒரு கிராசிங் என்று போட்டார்கள். வரைபடத்தில் பார்த்தால் ஐரோப்பாவையும் பசிபிக் கடலையும் இணைத்த மாபெரும் சாதனை அது. 1904இல் ஜப்பானுடன் போர் மூண்டபோதுதான் அந்தக் கோட்டின் உண்மையான கனம் தெரிந்தது. லட்சக்கணக்கான வீரர்களையும் தளவாடங்களையும் கிழக்கே கொண்டு போக வேண்டிய நேரத்தில், பாதையின் வழியே நாளொன்றுக்குச் சில வண்டிகளே போக முடிந்தது. போதாக்குறைக்கு பைக்கால் ஏரியைச் சுற்றிப் போகும் பகுதி அப்போது முடியவில்லை. ரயில் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் பனியுடைக்கும் கப்பல்தான் அதுவரை இடைவெளியை இணைத்து வந்தது. கடுங்குளிரில் அதுவும் நின்றுபோக, உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டுக் குதிரைகளைக் கட்டிப் பெட்டிகளை இழுத்தார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே அவசர அவசரமாகக் கிராசிங் பாதைகளைச் சேர்த்த பிறகே வண்டிகளின் எண்ணிக்கை உயர்ந்தது. மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை 9,289 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதை பின்னர் இரட்டைப் பாதையாகி, 2002இல் முழுவதும் மின்மயமானது.

இன்னொரு படத்தில் மேற்கு மாகாணப் பாதைகளுக்குத் தடித்த கோடும் கிழக்குக்கு மெல்லிய கோடும் போட்டு, கிழக்கில் 'சிறிய ரயில்' ஓடும் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நடுவர்கள் அதை அழகுக்காகச் செய்ததாக எண்ணி விட்டுவிட்டார்கள் போலும். எனக்கோ வந்த படங்களிலேயே மிகவும் கவலை தந்த கோடு அதுதான், ஏனென்றால் ஆஸ்திரேலியா மெய்யாகவே அப்படித்தான் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸ் 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் பாதை போட்டது. விக்டோரியா 1,600 மில்லிமீட்டரில் போட்டது. குயின்ஸ்லாந்து மலிவு கருதி 1,067ஐ எடுத்துக்கொண்டது. அன்று அவை தனித்தனிக் குடியேற்றங்கள். தத்தம் துறைமுகத்துக்குச் சரக்கு வந்தால் போதும் என்று நினைத்தன. 1883இல் சிட்னிப் பாதையும் மெல்போர்ன் பாதையும் எல்லையோர ஆல்பரி நகரில் சந்தித்தபோது ஒன்றின் வண்டி மற்றொன்றின் மேல் ஏற முடியவில்லை. 1962 வரை, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், இரண்டு பெருநகரங்களுக்கு இடையே சென்ற பயணிகள் வழியில் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி வேறு வண்டிக்கு மாறினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவச் சரக்குகளை ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு ஆட்கள்தான் கையால் தூக்கி மாற்றினார்கள். சிட்னியில் ஏறி பெர்த்தில் இறங்கும் ஒரே வண்டி 1970இல்தான் ஓடத் தொடங்கியது.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கதை வேறு. அங்கே ஐந்து அடி அகலத்தில் பதினோராயிரம் மைலுக்கும் மேற்பட்ட பாதை இருந்தது. 1886 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டே நாட்களில், முன்கூட்டியே ஆணிகளை அடித்து வைத்திருந்து, ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் மூன்று அங்குலம் உள்ளே நகர்த்தி அகலத்தை மாற்றும் வேலையை முடித்தார்கள். வித்தியாசம் மூன்று அங்குலமாக இருந்ததாலும் தண்டவாளத்தைத் தாங்கும் பழைய மரக் கட்டைகளே போதுமானவையாக இருந்ததாலும் அது சாத்தியமாயிற்று. எல்லா நாட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. நம் நாட்டில் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். சிக்கனம் என்று 1870களில் சேர்த்த மீட்டர்கேஜ் 1,000 மில்லிமீட்டர். அந்த இரண்டுக்கும் நடுவே கட்டை, பாலம், சுரங்கம், நடைமேடை, என்ஜின், பெட்டி எல்லாமே மாறின. ஒரே அகலம் என்ற திட்டத்தை 1992இல் தொடங்கிப் பல ஆண்டுகள் பாதைகளை மூடி மூடித் திறந்ததை எழும்பூரிலிருந்து தெற்கே பயணம் செய்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கி மலை ரயிலுக்கு மாறும் குடும்பங்களுக்கு அது இன்று உல்லாசம். ஆனால் அதே நடைமேடையில் ஒரு நாட்டின் நெல்லையும் நிலக்கரியையும் தினமும் மாற்றி ஏற்ற வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு மாணவர் படத்தோடு கால அட்டவணையும் இணைத்திருந்தார். தலைநகரில் காலை ஆறு மணிக்குப் புறப்படும் வண்டி ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்குத் துறைமுகம் சேரும் என்பது அவர் கணக்கு. அருமையான முயற்சி. ஆனால் எந்த ஊர் ஆறு மணி? ஐயாயிரம் கிலோமீட்டர் கிழக்கு மேற்காக விரிந்த நாட்டில் ஒரு முனையில் விடியும்போது மறுமுனையில் நன்றாக வெயில் ஏறியிருக்கும். அமெரிக்க ரயில் நிறுவனங்கள் 1883 நவம்பர் 18 அன்று தாங்களாகவே மண்டல நேரங்களை வகுத்துக்கொண்டன. அந்நாட்டுச் சட்டம் அதை ஏற்றது 1918இல்தான். ரஷ்யா வேறு வழியில் போனது. நாடு முழுவதும் ரயில்வேக்கு மாஸ்கோ நேரம் ஒன்றே என்று வைத்து, 2018 ஆகஸ்ட் வரை அப்படியே ஓட்டியது. விளாதிவஸ்தோக்கில் பயணச்சீட்டு மாலை ஐந்து மணி என்று சொன்னால், ஊர்க் கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது நிலையத்துக்கு வர வேண்டியிருந்தது. பயணிக்கு இது தலைவலிதான். ஒரு வண்டியை ஏழெட்டு மண்டலங்களின் வழியே நடத்தும் கண்ட்ரோல் அலுவலருக்கு அதுவே நிம்மதி. நம் நாட்டிலும் 1906 ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வரும் முன்பு, ரயில்கள் சென்னை நேரத்தில்தான் ஓடின. பம்பாய்க்கு ஏறக்குறைய அரை மணி முன்னும் கல்கத்தாவுக்கு ஏறக்குறைய அரை மணி பின்னுமாக இருந்ததால், நுங்கம்பாக்கம் வானியல் கூர்நோக்ககத்தின் நேரம் இரண்டு தரப்புக்கும் ஒத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. இரண்டு முறைகளில் எதை வேண்டுமானாலும் கற்பனை நாடு எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் பாதை போடும் முன்பே எடுத்துக்கொள்ளட்டும்.

தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லை. போர்ட் அகஸ்டாவையும் கால்கூர்லியையும் இணைத்து 1917இல் முடிந்த ஆஸ்திரேலியப் பாதை, மரமே இல்லாத நல்லர்பார் சமவெளியில் 478 கிலோமீட்டர் வளைவே இல்லாமல் நேராகச் செல்கிறது. வரைபடத்தில் அதைவிட எளிய கோடு உலகத்தில் கிடையாது. நம் நடுவர்கள் முதல் பரிசே கொடுத்திருப்பார்கள். அந்த நேர்கோட்டில் நீராவி என்ஜினுக்கு ஊற்ற நல்ல தண்ணீர் இல்லை. ஆழ்குழாயில் வந்தது உப்புத் தண்ணீர். அது கொதிகலனை அரித்தது. ஆகவே என்ஜினுக்கான தண்ணீரையும் வண்டியிலேயே சுமந்து செல்ல வேண்டியிருந்தது. 1951இல் டீசல் என்ஜின்கள் வந்த பின்புதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன்களின் குடும்பங்கள் அங்கங்கே சிறு குடியிருப்புகளில் வாழ்ந்தன. அவர்களுக்கு மளிகை, இறைச்சி, சம்பளம் எல்லாவற்றையும் கொண்டு போவதற்காகவே 'தேநீர்–சர்க்கரை வண்டி' என்று பெயர் பெற்ற ஒரு ரயில் 1996 வரை ஓடியது. பாலைவனப் பாதை என்று ஒரு கோடு இழுத்தால், அதன் மேல் இத்தனை வயிறுகளும் இருக்கின்றன.

ஆகவே தாங்கள் அடுத்த சுற்றை நடத்துவதாக இருந்தால், மதிப்பெண் முறையைச் சற்றே மாற்றும்படி நடுவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நகரங்களை இணைப்பதற்கு மதிப்பெண் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தலைநகரும் துறைமுகமும் இல்லாத, பாலைவனப் பகுதி மட்டும் உள்ள முந்நூறு கிலோமீட்டர் வெற்று வரைபடம் ஒன்றை அளவுகோலுடன் அச்சிட்டு, அதில் கிராசிங் நிலையங்களை எங்கெங்கே வைப்பாய், லூப் லைன் எவ்வளவு நீளம், ஓட்டுநரும் கார்டும் எங்கே மாறுவார்கள், அந்த நிலையத்தில் குடியிருப்பவருக்குக் குடிநீர் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். எத்தனை வண்டி ஓடும் என்ற கணக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல்தான்; நான் மேலே காட்டிய முறையிலேயே பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். லூப் லைன் நீளத்தை மட்டும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ஓடும் வண்டிகளில் மிக நீளமானது அதற்குள் அடங்காவிட்டால், அது நிற்கும் நிலையத்தில் பின்பெட்டிகள் பிரதானப் பாதையிலேயே கிடக்கும், எதிர்வண்டிக்கு வழி கிடைக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நிலைய அதிகாரி,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.