முத்து உருண்ட இடம்

அன்புள்ள தம்பிக்கு,

'பெர்ல்' (முத்து) என்ற பழைய ஆங்கிலக் கவிதையை அசை பிரித்துப் பார்த்தாய், கணக்கு உதைக்கிறது என்று எழுதியிருந்தாய். உதைக்கத்தான் செய்யும். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் வடமேற்கு வட்டாரப் பேச்சில் பெயர் தெரியாத ஒருவர் எழுதியது அது. அசையை எண்ணாதே. வரிக்கு நான்கு இடத்தில் குரல் அழுந்தும், அதைக் கேள், போதும். 'பெர்ல', 'பிளெசான்ட்', 'பிரின்செஸ்', 'பாயெ' என்று முதல் வரியில் மோனை அடுக்கி வருகிறதே, எல்லா வரியிலும் அப்படி வராது.

இயைபில்தான், அதாவது வரி முடியும் ஓசை ஒத்து வருவதில்தான், அவர் கறார். ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டு வரி, அதற்கு மூன்றே ஓசை: ஒன்று நான்கு முறை, ஒன்று ஆறு முறை, கடைசி ஓசை இரண்டே முறை. ஐந்து பாட்டு சேர்ந்தது ஒரு தொகுதி; ஐந்தும் ஒரே சொல்லில் முடியும். அந்தச் சொல்லே அடுத்த பாட்டின் முதல் வரியில் தலைகாட்டும். நமக்குத் தெரிந்த அந்தாதிதான்.

ஆனால் அந்தாதி என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடாதே. முதல் தொகுதியின் சொல் 'ஸ்பாட்'. முதல் பாட்டு முடியும்போது அதற்கு மாசு என்று பொருள்: மாசில்லாத என் முத்து. அடுத்த வரியிலேயே அது 'இடம்' ஆகிவிடுகிறது: முத்து கைநழுவி உருண்ட இடம். இரண்டு வயதுகூட நிறையாமல் இறந்துபோன குழந்தைதான் அந்த முத்து. அது மாசற்றது என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் புதைத்த இடமும் கூடவே வந்துவிடுகிறது. பதினாறாம் தொகுதியில் 'மோட்' என்ற சொல்லும் இப்படித்தான். ஒரு பக்கம் மாசு, மறுபக்கம் விண்ணுலக நகரம்.

மொத்தம் 1212 வரி, 101 பாட்டு. இருபது தொகுதியில் பதினைந்தாவதில் மட்டும் ஆறு பாட்டு இருப்பதால் வந்த 101. கை தவறிச் சேர்ந்தது என்பாரும் உண்டு. எனக்கு ஒப்பவில்லை, அதே சுவடியில் இருக்கும் 'சர் கவைனும் பச்சை வீரனும்' கவிதைக்கும் 101 பாட்டுதான்.

முதல் வரியின் 'பாயெ' கடைசி வரியில் திரும்பி வந்து மண்டலிக்கிறது, முடிவு தொடக்கத்தோடு வளையமாகச் சேர்ந்துவிடுகிறது. கதையும் அப்படியே. கனவில் இறந்த மகளைக் கண்டு ஆற்றைக் கடக்கப் பாய்ந்த தகப்பன், விழித்துப் பார்த்தால் அவளைப் புதைத்த அதே மண்மேட்டில் தலைசாய்த்துக் கிடக்கிறான்.

சரி, முதல் இரண்டு பாட்டை வாய்விட்டுப் படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்