மேப்பிள் சாறு வாளிகள்: கழுவும் முறை

ஸ்கார்பரோ குடியிருப்பு உறவுகளுக்கு வணக்கம். மார்ச் 7, சனிக்கிழமை காலை 10 மணிக்கு, நம் பின்தோட்டத்து மேப்பிள் மரங்களில் துளையிட்டு, வடியும் சாற்றை நீங்கள் தரும் வாளிகளில் பிடிக்கிறோம். சாறு பாலைப் போல விரைவில் கெடும். வாளி சுத்தமாக இருப்பது மிக முக்கியம்.

1. உணவுப் பொருள் இருந்த வாளிகள் மட்டும். பெயின்ட், சோப்புத்தூள் வாளிகள் வேண்டவே வேண்டாம்.
2. ஊறுகாய் வாளியென்றால் முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் விட்டுவிடுங்கள். 40 லிட்டர் சாறு காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு. அது வீணாகக் கூடாது.
3. வாசனையில்லாத பிளீச் 1 பங்கு, தண்ணீர் 20 பங்கு கலந்து துணியால் துடையுங்கள். கம்பி நார் கூடாது, கீறலில் கிருமி தங்கும். சுடுநீரில் மூன்று முறை அலசிக் கவிழ்த்து உலர்த்துங்கள். பிளீச்சுடன் வினிகர் சேர்ப்பது ஆபத்து.
4. எத்தனை வாளி தருவீர்கள்? வியாழன் இரவுக்குள் இங்கே பதிலிடுங்கள்.