குளக்கரையில் அடித்த ‘மருந்து’ குறித்துப் பேரூராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயல் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி மூன்றாம் வாரத்தில் நம் குளக்கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உத்தரவு உங்கள் அலுவலகத்திலிருந்துதான் போயிற்று. பாம்பு வருகிறது என்று இரண்டு வீதிக்காரர்கள் மனுக் கொடுத்ததும் தெரியும். அவர்கள் பயம் நியாயமானது. நடைபாதையை ஒட்டி நான்கடி அகலத்துக்கு அறுத்துவிட்டிருந்தால் அவர்கள் மனுவும் தீர்ந்திருக்கும், என் மடலும் தேவைப்பட்டிருக்காது. நீங்கள் கரை முழுவதற்கும் களைக்கொல்லி அடிக்கச் சொன்னீர்கள்.

ஊரில் அதற்குப் பெயர் மருந்து. கீழாநெல்லிக்குப் பெயர்தான் களை.

எங்கள் வீதியில் ஓர் அம்மாயி இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். ஐப்பசி மழையிலிருந்து தை முடியும்வரை அவருக்குக் குளக்கரைதான் காடும் தோட்டமும். விடிந்ததும் மடியைக் கட்டிக்கொண்டு போவார். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சுக்குட்டி, சாரணை, மூக்கிரட்டைக் கொழுந்து என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கிள்ளிக் கலந்து வருவார். ஒரே கீரையாகக் கடைந்தால் ருசி கூடாது என்பது அவர் கட்சி. தனக்கு ஒரு பிடி போக, மீதி ஏழெட்டு வீடுகளுக்குப் போகும். சிலர் காசு கொடுப்பார்கள். சிலர் அரிசியோ பருப்போ கொடுப்பார்கள்.

மருந்து அடித்த மறுநாள் காலையிலும் அவர் போனார். அங்கே ஓர் அறிவிப்புப் பலகை இல்லை, கயிறு கட்டவில்லை, ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வகை மருந்து பட்ட உடனே செடி வாடிவிடாது. சில நாள் பச்சையாகவே நிற்கும். அவர் வழக்கம்போலக் கிள்ளினார், வழக்கம்போலக் கொடுத்தார், தானும் கடைந்து சாப்பிட்டார். ஐந்தாம் நாள் கரை மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது. அன்று சாயங்காலம் கீரை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் அவர் ஒவ்வொன்றாகப் போனார். குழந்தைக்கு வயிற்றில் தொந்தரவு எதுவும் இல்லையே என்று வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. நல்ல வேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அதன்பின் அவரிடம் யாரும் கீரை வாங்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், நாங்களும் வாங்கவில்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து எந்த வாசலுக்கும் யாரும் வந்து கேட்கவும் இல்லை.

ஆகவே என் கோரிக்கை: குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் இனி மருந்து அடிக்க வேண்டாம். தேவையான இடத்தில் ஆள் வைத்து அறுங்கள். கையுறையும் இல்லாமல், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தெளித்த தூய்மைப் பணியாளர்களுக்கும் அதுவே நல்லது.

பிறகு போகி வந்தது. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்பாகக் கொத்துக் கட்டி, வீட்டு நிலையிலும் கட்டுத்தரையிலும் காட்டு மூலையிலும் செருகாமல் கொங்கு நாட்டில் யார் வீட்டில் பொங்கல் பொங்குகிறது? கரையில் முழங்கால் உயரத்துக்குப் பூத்து நின்ற பூளைப்பூ கருகிக் கிடந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே கட்டு 30 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். காப்புக் கட்டுவதற்கும் கடைக்குப் போக வைத்துவிட்டீர்கள் என்று என் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழைக்காலத்தில் உங்கள் அலுவலக வாசலிலேயே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தீர்கள். நானும் குடித்தேன், நன்றி. அந்தக் குடிநீரில் ஒன்பது சரக்குகள். அவற்றில் கோரைக்கிழங்கு ஒன்று, பற்பாடகம் ஒன்று, பேய்ப்புடல் ஒன்று. இவை மூன்றும் வேலியிலும் வயலிலும் கேட்பாரற்று முளைப்பவை. வாசலில் அண்டாவில் காய்ச்சிக் கொடுப்பதையே கரையில் விசைத்தெளிப்பான் வைத்துக் கொல்வது எந்தத் தலைப்பில் வரும் செலவு என்று அறிய ஆவல்.

மூலிகைப் பெருமை பேசி உங்களிடம் வாதாட நான் வரவில்லை. கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராகச் சோதித்த சென்னை ஆய்வாளர்களின் கட்டுரை 1988இல் லான்செட் என்னும் மருத்துவ இதழிலேயே வந்தது. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அதை மருத்துவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். என் வழக்கு வெறும் கீரையைப் பற்றியது. வீட்டில் ஒன்றுமில்லாத நாளில், குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கிள்ளி உப்பில்லாமல் வேகவைத்துத் தின்ற கதையைச் சங்கப் புலவர் ஒருவர் வள்ளல் குமணனிடம் போய்ச் சொன்னார். குமணன் யானையே கொடுத்தான். எங்களுக்கு யானை வேண்டாம் ஐயா. கட்டுவதற்கு இடமும் இல்லை. கீரையை விட்டுவைத்தால் போதும்.

எல்லாச் செடியையும் விட்டுவைக்கச் சொல்லவில்லை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள், சீமைக்கருவேலத்தைத் தோண்டி எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் மண்வெட்டியோடு வருகிறேன். நேற்றுக் கரைப்பக்கம் போனபோது பார்த்தேன்: மருந்து அடித்த மண்ணில் முதலில் தலைகாட்டியிருப்பவை கோரையும் பார்த்தீனியமும்தான். கீரை ஒன்றையும் காணவில்லை.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: குளக்கரையில் மருந்து வேண்டாம், அறுப்பு போதும். அதையும் தை கழிந்து, பூளையும் கீரையும் விதை உதிர்த்த பிறகு செய்தால் நல்லது. மார்கழியில் அடித்தது என்ன மருந்து, எவ்வளவு என்பதை அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். முடிந்தால், உங்கள் ஆள் ஒருவரை அந்த அம்மாயி வீட்டுக்கு அனுப்பி, தவறு அவருடையது அல்ல என்று சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் அவர் நம்ப மறுக்கிறார்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
குளக்கரை வீதிக்காரன்